பக்கம் நம்முடையது, சாவி யாரிடம்? வாசகர் கேள்வி பதில்

நிறுவனத்தின் சமூக வலைதளப் பக்கம் கைவிட்டுப் போனதைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறோம். ஃபேஸ்புக் பக்கத்துக்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்டு கிடையாது. யாருடைய சொந்தக் கணக்குக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கிறதோ, அவர் தன் பாஸ்வேர்டைப் போட்டுத்தான் பக்கத்துக்குள் நுழைகிறார். ஆகவே “பக்கத்தின் பாஸ்வேர்டு தொலைந்துவிட்டது” என்று தேடினால் வழி கிடைக்காது. எந்த ஆளிடம், எந்த மின்னஞ்சலில், எந்த பிசினஸ் போர்ட்ஃபோலியோவில் (நிறுவனத்தின் பக்கங்களையும் விளம்பரக் கணக்குகளையும் ஒன்றாக நிர்வகிக்கும் இடம்) அதிகாரம் இருக்கிறது என்று தேட வேண்டும்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் ஃபேஸ்புக் பக்கத்தை ஐந்து வருடங்களுக்கு முன் ஓர் ஊழியர் தன் சொந்தக் கணக்கிலிருந்து தொடங்கினார். வேலையை விட்டுப் போய்விட்டார், இப்போது போனை எடுப்பதில்லை. நாங்கள் யாரும் அட்மின் இல்லை. பக்கத்தைத் திரும்பப் பெற முடியுமா?

முடியும். ஆனால் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்குப் புகார் எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு மூன்று உண்டு. பல நேரங்களில் வேலை அதிலேயே முடிந்துவிடும்.

முதலில், இதுவரை அந்தப் பக்கத்தில் ஒரு பதிவாவது போட்ட எல்லா ஊழியர்களையும் அவரவர் கணக்கில் லாகின் செய்து, மெனுவில் ‘பேஜஸ்’ பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள். தங்களுக்கு அதிகாரம் இருப்பதே தெரியாமல் இருப்பவர்கள் நிறைய பேர். மெட்டா பிசினஸ் சூட்டையும் திறந்து, மேலே போர்ட்ஃபோலியோ பட்டியலில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்க்கட்டும். எப்போதோ விளம்பரம் போட்ட கணக்காளரிடம் முழுக் கட்டுப்பாடு இருந்துவிடலாம்.

அடுத்து, பக்கத்தின் ‘அபௌட்’ பகுதியில் ‘பேஜ் டிரான்ஸ்பேரன்சி’ என்று ஒன்று உண்டு. பக்கம் தொடங்கிய தேதி, பெயர் மாறிய வரலாறு, நிர்வகிப்பவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே தெரியும். சில பக்கங்களில் உரிமையாளராக உறுதி செய்யப்பட்ட நிறுவனத்தின் பெயரும் இருக்கும். இந்தத் திரையைப் படமெடுத்து வையுங்கள், பின்னால் புகாருக்கு உதவும்.

மூன்றாவதாக, அந்த ஊழியர் எந்தக் கணக்கிலிருந்து தொடங்கினார் என்று தெரிந்துகொள்ளுங்கள். அலுவலக மின்னஞ்சலை வைத்து, அலுவலகத்துக்கென்றே உருவாக்கிய கணக்கு என்றால் காரியம் எளிது. நிறுவனத்தின் மின்னஞ்சலைப் பராமரிப்பவர் அந்த அஞ்சல்பெட்டியை மீண்டும் உயிர்ப்பித்தால் போதும், ‘ஃபர்காட் பாஸ்வேர்டு’ அஞ்சல் அங்கே வந்து சேரும். அது அவருடைய உண்மையான சொந்தக் கணக்கு என்றால், அலுவலக மின்னஞ்சல் இணைக்கப்பட்டிருந்தாலும் அதற்குள் நுழையாதீர்கள். அவருடைய சொந்தச் செய்திகளும் படங்களும் அதில் இருக்கின்றன. அது அத்துமீறல், சட்டப்படியும் உங்களைச் சிக்கலில் மாட்டிவிடும்.

போனை எடுக்காதவர்கள் எழுத்தில் கேட்டால் பெரும்பாலும் உதவுவார்கள். கோபத்தைக் காட்டாமல், அவர் யோசிக்கவே தேவையில்லாதபடி எழுதுங்கள்:

“வணக்கம். நம் நிறுவனப் பக்கத்தின் அதிகாரம் இப்போது உங்கள் கணக்கில் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் கணக்கிலிருந்து பக்கத்துக்கு மாறி, செட்டிங்ஸில் ‘பேஜ் ஆக்சஸ்’ திறந்து, ‘ஆட் நியூ’ அழுத்தி, கீழே உள்ள மின்னஞ்சலைக் கொடுங்கள். ‘ஃபுல் கண்ட்ரோல்’ என்ற பொத்தானை மறக்காமல் ஆன் செய்யுங்கள். கடைசியில் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும். ஐந்து நிமிட வேலை. பிறகு உங்கள் பெயரை நாங்களே நீக்கிவிடுகிறோம். பக்கத்தில் என்ன நடந்தாலும் உங்களுக்குப் பொறுப்பு வராது.”

கடைசி வரி முக்கியம். அதிகாரத்தை வைத்துக்கொண்டிருப்பது தனக்கும் சுமைதான் என்பது அவருக்குப் புரிய வேண்டும். ‘ஃபுல் கண்ட்ரோல்’ ஆன் ஆகாவிட்டால் உங்களுக்கு வருவது பகுதி அதிகாரம்தான். பதிவு போடலாம், ஆனால் ஆட்களைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. அழைப்பு வந்ததும் நீங்கள் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். புதிதாக வந்தவர் முதல் வாரத்திலேயே பழைய அட்மினை நீக்கப் பார்த்தால் ஃபேஸ்புக் தடுக்கக்கூடும். அது பிழையல்ல, திருடர்களுக்காக வைத்த தடை. அதுவரை அவரோடு நல்லபடியாகவே இருங்கள்.

இதெல்லாம் நடக்காதபோதுதான் மெட்டாவின் பிசினஸ் உதவிப் பிரிவில் பக்க உரிமைத் தகராறாகப் பதிவு செய்ய வேண்டும். கேட்கப்படுபவை: உங்கள் அரசு அடையாள அட்டையின் நகல், நிறுவனத்தின் பதிவுச் சான்று, கையொப்பமிட்ட உறுதிமொழிக் கடிதம். கடிதத்தில் பக்கத்துக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு, யாரைச் சேர்க்க வேண்டும், யாரை நீக்க வேண்டும், நீக்க வேண்டியவர் ஊழியராக இருந்தவரா, எப்போது விலகினார் என்பவை இருக்க வேண்டும். சொன்னதெல்லாம் உண்மை, பொய்யென்றால் சட்டப்படி தண்டனைக்கு உட்படுவேன் என்ற வாசகமும் வேண்டும். நோட்டரி முன் கையெழுத்திட்டுக் கொடுப்பது நல்லது.

இந்த விண்ணப்பங்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது பெயரில்தான். பக்கத்தில் இருப்பது பிராண்டின் பெயர், பதிவுச் சான்றில் இருப்பது நிறுவனத்தின் சட்டப் பெயர். இரண்டும் ஒன்றுதான் என்பது பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு பெயரும் சேர்ந்திருக்கும் ஒரு தாளை இணையுங்கள்: வர்த்தக முத்திரைச் சான்று, வரிப் பதிவு, தலைப்புடன் கூடிய விலைப்பட்டியல், எதுவானாலும் சரி. பக்கத்தில் போட்டிருக்கும் இணையதளத்தின் டொமைனிலேயே (இணைய முகவரிப் பெயரிலேயே) அமைந்த மின்னஞ்சலிலிருந்து எழுதுங்கள். ஜிமெயிலிலிருந்து எழுதினால் உங்கள் வாதம் பாதியாகக் குறைந்துவிடும். ஒரே விஷயத்துக்குப் பத்துப் புகார் திறக்காதீர்கள். பத்துப் பேர் பத்துவிதமாகப் பதில் தருவார்கள், எதுவும் முடிவுக்கு வராது. ஒரே எண்ணில் தொடர்ந்து பேசுங்கள்.

கேள்வி: நேற்றிரவு எங்கள் பக்கத்தின் பெயரும் படமும் மாறிவிட்டன. எங்கள் கார்டில் யாரோ விளம்பரம் ஓட்டுகிறார்கள். முதலில் எதைச் செய்வது?

முதலில் பணம். வங்கியை அழைத்து, விளம்பரக் கணக்கில் இணைத்திருக்கும் கார்டை முடக்குங்கள். மெட்டா விளம்பரங்களில் செலவு ஒரு வரம்பைத் தொடும்போதெல்லாம் கார்டிலிருந்து பணம் எடுக்கப்படும், நீங்கள் பக்கத்தை மீட்கும் வரை அது காத்திருக்காது.

இரண்டாவது, மின்னஞ்சல். பக்கத்துக்கு ஓடும் முன் அட்மினின் அஞ்சல்பெட்டி பாதுகாப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். அது திருடன் கையில் இருந்தால் நீங்கள் மாற்றும் ஒவ்வொரு பாஸ்வேர்டும் அவனுக்கே போய்ச் சேரும். பாஸ்வேர்டை மாற்றியதோடு நிற்காதீர்கள். ஜிமெயில் என்றால் செட்டிங்ஸில் ‘ஃபில்டர்ஸ்’ பகுதியையும் ‘ஃபார்வர்டிங்’ பகுதியையும் திறந்து பாருங்கள். ஃபேஸ்புக்கிலிருந்து வரும் எல்லா அஞ்சலையும் நேராகக் குப்பைக்கு அனுப்பும் விதியை வைத்துவிட்டுப் போவது இவர்களின் வழக்கமான வேலை. “மெட்டா எங்களுக்கு எச்சரிக்கை அஞ்சலே அனுப்பவில்லை” என்பவர்களின் குப்பைத் தொட்டியில் அந்த அஞ்சல் கிடப்பதுண்டு. பாஸ்வேர்டோ மின்னஞ்சலோ மாறும்போது பழைய முகவரிக்கு ஃபேஸ்புக் ஓர் அஞ்சல் அனுப்பும். ‘இது நான் இல்லை’ என்று சொல்லி மாற்றத்தைத் திருப்பும் இணைப்பு அதில் இருக்கும். கிடைத்தால் அதுவே குறுக்குவழி.

மூன்றாவது, முழுக் கட்டுப்பாடு உள்ள வேறு யாராவது இன்னும் உள்ளே இருக்கிறார்களா? இருந்தால் அந்நியரை உடனே நீக்கச் சொல்லுங்கள்.

யாருமே இல்லையென்றால், பறிபோன கணக்கின் சொந்தக்காரர் தான் வழக்கமாகப் பயன்படுத்திய அதே கணினியிலிருந்து, அதே இணைய இணைப்பில், ஃபேஸ்புக் டாட் காம் ஸ்லாஷ் ஹேக்டு என்ற முகவரிக்குப் போக வேண்டும். பழகிய கருவி என்பதை ஃபேஸ்புக் அடையாளம் கண்டுகொள்ளும், அதனால் மீட்பு எளிதாகும். பயத்தில் போனை ரீசெட் செய்துவிடுவதும், பிரவுசரின் குக்கீகளை அழித்துவிடுவதும் இந்த அடையாளத்தைத் தொலைத்துவிடும். கணினியில் வைரஸ் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் அந்தக் கணினியை விட்டுவிட்டு, பழகிய போனிலிருந்து செய்யுங்கள்.

உள்ளே போனதும் கதவை மூடும் வேலை. பலர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள், மறுவாரம் மறுபடி பறிகொடுக்கிறார்கள். பார்க்க வேண்டிய இடங்கள் இவை. எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக்அவுட் செய்யுங்கள். நீங்கள் சேர்க்காத மின்னஞ்சலும் போன் எண்ணும் இருந்தால் நீக்குங்கள். இரட்டைச் சரிபார்ப்பில் (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்கும் பாதுகாப்பு) திருடன் தன் ஆப்பைச் சேர்த்திருப்பான், அதையும் எடுங்கள். இணைக்கப்பட்ட ஆப்களைப் பாருங்கள். பிறகு போர்ட்ஃபோலியோவுக்குள் போய் ‘பீப்பிள்’, ‘பார்ட்னர்ஸ்’, ‘சிஸ்டம் யூசர்ஸ்’ மூன்றையும் திறந்து பாருங்கள். ‘பார்ட்னர்ஸ்’ பட்டியலை யாரும் பார்ப்பதில்லை. தன்னுடைய போர்ட்ஃபோலியோவைக் கூட்டாளியாகச் சேர்த்துவிட்டால், ஆள் பட்டியலில் அவன் பெயர் இல்லாமலேயே உங்கள் பக்கத்தை நடத்தலாம்.

திருட்டு விளம்பரங்களை நிறுத்துங்கள், ஆனால் அழிக்காதீர்கள். விளம்பர எண், செலவு, நேரம், பணம் எடுத்த பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் படமெடுத்த பிறகுதான் அழிக்க வேண்டும். பணத்தைத் திரும்பக் கேட்கும்போதும் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கும்போதும் இவைதான் ஆதாரம். வாடிக்கையாளர்களுக்கு வேறொரு வழியில், உங்கள் இணையதளத்திலோ வாட்ஸ்அப்பிலோ, “இப்போது அந்தப் பக்கம் எங்கள் கையில் இல்லை, அங்கிருந்து யாரும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்” என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பக்கம் போனதைவிட, உங்களை நம்பிப் பணம் கட்டி ஏமாந்தவரின் இழப்பு பெரிது.

கேள்வி: விளம்பர ஏஜென்சி எங்கள் பக்கத்தைத் தன் போர்ட்ஃபோலியோவில் சேர்த்திருக்கிறது. ஒப்பந்தம் முடிந்துவிட்டது. நானும் பக்கத்தின் அட்மின்தான், ஆனால் அவர்களை நீக்க முடியவில்லை. ஏன்?

ஒரு பக்கத்துக்கு ஒரு போர்ட்ஃபோலியோதான் உரிமையாளராக இருக்க முடியும். மற்றவை கூட்டாளிகள் மட்டுமே. உங்கள் பக்கம் ஏஜென்சியின் போர்ட்ஃபோலியோவுக்குச் சொந்தமாக இருக்கிறது. நீங்கள் பக்கத்தில் அட்மின், ஆனால் அந்தப் போர்ட்ஃபோலியோவில் நீங்கள் யாருமில்லை. வீட்டில் குடியிருக்கிறீர்கள், பத்திரம் அவர்கள் பெயரில் இருக்கிறது.

அவிழ்க்கும் வரிசை முக்கியம். முதலில் உங்கள் தரப்பில் ஒருவருக்காவது, போர்ட்ஃபோலியோ வழியாக இல்லாமல், ‘பேஜ் ஆக்சஸ்’ பகுதியில் நேரடியாக முழுக் கட்டுப்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். இது இல்லாமல் ஏஜென்சி பக்கத்தை விடுவித்தால், போர்ட்ஃபோலியோ வழியாக மட்டும் நுழைந்தவர்கள் எல்லோரும் அந்த நிமிடமே வெளியே நிற்பார்கள். அதற்குப் பிறகு ஏஜென்சியின் போர்ட்ஃபோலியோவில் முழுக் கட்டுப்பாடு உள்ளவர் செட்டிங்ஸ், ‘அக்கௌண்ட்ஸ்’, ‘பேஜஸ்’ என்று போய், உங்கள் பக்கத்தைத் தேர்ந்து ‘ரிமூவ்’ அழுத்த வேண்டும். உடனே நீங்கள் உங்கள் போர்ட்ஃபோலியோவில் அதே இடத்தில் பக்கத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரு தரப்பும் போனில் பேசிக்கொண்டே செய்தால் பத்து நிமிடத்தில் முடியும்.

விளம்பரக் கணக்கு வேறு விஷயம். ஏஜென்சி தன் போர்ட்ஃபோலியோவில் உருவாக்கிய விளம்பரக் கணக்கை அப்படியே பெயர்த்து உங்களிடம் தர முடியாது. அதைக் கேட்டுச் சண்டை போடாதீர்கள். உங்கள் போர்ட்ஃபோலியோவுக்கு அதில் கூட்டாளி அனுமதி கேளுங்கள், பழைய விளம்பர அறிக்கைகளைப் பதிவிறக்கம் செய்யுங்கள், புதிய விளம்பரக் கணக்கை உங்கள் பெயரில் தொடங்குங்கள்.

பாக்கிப் பணத்துக்காகப் பக்கத்தைப் பிடித்து வைத்திருந்தால், இரண்டையும் கலக்க விடாதீர்கள். தகராறு இல்லாத தொகையைக் கொடுத்துவிட்டு, மீதியைத் தனியாகப் பேசுவோம் என்றும், இன்ன தேதிக்குள் பக்கத்தை விடுவிக்க வேண்டும் என்றும் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் ஒப்பந்தம், ரசீதுகள், இந்தக் கடிதம் மூன்றையும் சேர்த்து, முதல் பதிலில் சொன்ன தகராறு வழியில் போகலாம்.

கேள்வி: இன்ஸ்டாகிராம் கணக்கைத் திருடியவர் மின்னஞ்சலையும் யூசர்நேமையும் மாற்றிவிட்டார். மீட்க முகத்தை வீடியோ எடுக்கச் சொல்கிறது. எங்கள் கணக்கில் பொருட்களின் படங்கள்தான் இருக்கின்றன, யார் முகமும் இல்லை.

முக வீடியோ, கணக்கின் படங்களில் இருக்கும் முகத்தோடு ஒப்பிடுவதற்குத்தான். முகமே இல்லாத கணக்கில் அது பயன்படாது. ‘என் படம் இல்லாத கணக்கு’ என்ற வழியைத் தேர்ந்தெடுங்கள். கணக்குத் தொடங்கியபோது கொடுத்த மின்னஞ்சல் அல்லது போன் எண், அப்போது பயன்படுத்திய கருவியின் வகை ஆகியவற்றைக் கேட்பார்கள். இன்றைய மின்னஞ்சலைச் சொல்லிவிடாதீர்கள், தொடங்கிய நாளின் மின்னஞ்சல்தான் வேண்டும். பழைய அஞ்சல்பெட்டியில் இன்ஸ்டாகிராமின் வரவேற்பு அஞ்சலைத் தேடினால் எந்த முகவரி, எந்த நாள் என்று தெரிந்துவிடும்.

மாறிய யூசர்நேம் என்னவென்று தெரியாமல் தவிப்பவர்களுக்கு: உங்கள் பழைய பதிவு ஒன்றின் இணைப்பை யாருக்காவது அனுப்பியிருப்பீர்கள், அதைத் திறந்து பாருங்கள். திருடன் அந்தப் பதிவை அழிக்காதவரை, பெயர் மாறினாலும் பதிவின் இணைப்பு மாறாது, மேலே புதிய பெயர் தெரியும்.

மின்னஞ்சல் மாற்றப்பட்ட அறிவிப்பு செக்யூரிட்டி அட் மெயில் டாட் இன்ஸ்டாகிராம் டாட் காம் என்ற முகவரியிலிருந்து உங்கள் பழைய மின்னஞ்சலுக்கு வந்திருக்கும். மாற்றத்தைத் திருப்பும் இணைப்பு அதில் உண்டு. எல்லாவற்றுக்கும் முன் அதைத் தேடுங்கள்.

கேள்வி: பக்கத்தை நடத்திவந்த எங்கள் பங்குதாரர் காலமாகிவிட்டார். அவர் ஒருவர்தான் அட்மின். நண்பர்கள் அவருடைய ஃபேஸ்புக் கணக்கை நினைவுக் கணக்காக (இறந்தவரின் நினைவாக விடப்படும், யாரும் நுழைய முடியாத கணக்கு) மாற்ற விரும்புகிறார்கள்.

உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம். இந்த நேரத்தில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: அந்த விண்ணப்பத்தைச் சில நாட்கள் தள்ளிப்போடச் சொல்லுங்கள். ஒரே அட்மினாக இருந்தவரின் கணக்கு நினைவுக் கணக்காக மாறினால், அவர் மட்டும் நடத்திய பக்கம் நீக்கப்படும் என்பது மெட்டாவின் விதி. குடும்பத்தாரிடம் நிலைமையை விளக்கி, அவர்கள் சம்மதத்தோடு, இறப்புச் சான்று, பங்குதாரர் ஒப்பந்தம், நிறுவனப் பதிவு ஆகியவற்றை இணைத்து மெட்டாவின் பிசினஸ் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். பக்கம் உங்கள் பெயருக்கு வந்த பிறகு அவர்கள் விருப்பப்படி செய்யட்டும்.

கேள்வி: லிங்க்ட்இன்னில் எங்கள் நிறுவனப் பக்கத்துக்கு அட்மின் யாரென்றே தெரியவில்லை.

உங்கள் லிங்க்ட்இன் சுயவிவரத்தில் தற்போதைய வேலையாக இந்த நிறுவனத்தைச் சேர்த்து, பணி மின்னஞ்சலை இணைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு நிறுவனப் பக்கத்தில் மூன்று புள்ளி மெனுவைத் திறந்து ‘ரிக்வெஸ்ட் அட்மின் ஆக்சஸ்’ அழுத்துங்கள். இருக்கும் அட்மின்களுக்குத் தகவல் போகும். யாரும் பதில் தராவிட்டால் லிங்க்ட்இன் உதவிப் பிரிவுக்கு எழுதலாம், அப்போது அந்தப் பணி மின்னஞ்சல்தான் கைகொடுக்கும். கிடைத்ததும் ‘சூப்பர் அட்மின்’ பதவி இருவருக்குக் கொடுங்கள்.

கேள்வி: யூடியூப் சேனலை மீட்டோம், பாஸ்வேர்டை மாற்றினோம், இரட்டைச் சரிபார்ப்பும் இருந்தது. இரண்டே நாளில் மறுபடி போய்விட்டது. எப்படி?

உங்கள் கணினியில் திருடன் இன்னும் குடியிருக்கிறான். யூடியூப் சேனல்களைப் பறிப்பவர்கள் பெரும்பாலும் பாஸ்வேர்டைத் தேடுவதில்லை. “உங்கள் சேனலில் எங்கள் பொருளை விளம்பரம் செய்யுங்கள்” என்று ஓர் அஞ்சல் வரும், ஒப்பந்தம் என்று ஒரு கோப்பு இணைத்திருப்பார்கள். பார்க்க பிடிஎஃப் போல இருக்கும், உண்மையில் அது இயங்கும் நிரல். விண்டோஸ் வழக்கமாகக் கோப்பின் கடைசி எழுத்துகளை மறைத்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. வைரஸ் ஸ்கேனர் தொடாமல் விட வேண்டும் என்பதற்காக, வேண்டுமென்றே அளவைப் பல நூறு எம்பிக்கு ஊதிப் பெருக்கி வைப்பதும் உண்டு. திறந்தவுடன் பிரவுசரில் உள்ள செஷன் குக்கீகளை அள்ளிக்கொண்டு போய்விடும். ஏற்கெனவே லாகின் ஆன செஷன் அது. பாஸ்வேர்டும் ஓடிபியும் கேட்கப்படுவதே இல்லை.

ஆகவே அந்தக் கணினியை இணையத்திலிருந்து கழற்றி, விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். மீட்பு வேலை முழுவதையும் வேறொரு சுத்தமான கருவியில் செய்யுங்கள். மீட்பு போன் எண்ணைத் திருடன் மாற்றியிருந்தாலும், மாற்றிய 7 நாட்களுக்குள் பழைய எண்ணுக்கே குறியீடு பெறும் வாய்ப்பை கூகுள் தருகிறது. எட்டாவது நாள் அது இருக்காது, எனவே தள்ளிப்போடாதீர்கள்.

மீட்டதும் யூடியூப் ஸ்டூடியோவில் ‘பர்மிஷன்ஸ்’ பகுதியைப் பாருங்கள். பலர் சேர்ந்து நிர்வகிக்கும் பிராண்ட் கணக்கு என்றால் உரிமையாளர் பட்டியலையும் பாருங்கள். முதன்மை உரிமையாளர் ஒருவர்தான், அவரை மாற்ற வேண்டுமானால் புதியவர் 7 நாள் உரிமையாளராக இருந்திருக்க வேண்டும். வீடியோக்களைக் காணோம் என்று பதறாதீர்கள். பெரும்பாலும் அவற்றை ‘பிரைவேட்’ ஆக்கி ஒளித்திருப்பார்கள், திரும்பப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கூகுள் மேப்பில் எங்கள் நிறுவனத்தின் விவரத்தை வேறு யாரோ நிர்வகிக்கிறார்கள்.

கூகுள் பிசினஸ் புரொஃபைலில் உங்கள் நிறுவனத்தைத் தேடி, ‘ரிக்வெஸ்ட் ஆக்சஸ்’ கொடுங்கள். இப்போதைய உரிமையாளர் 3 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் நீங்களே உறுதிசெய்து எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு வரலாம். உள்ளே வந்த முதல் 7 நாட்களுக்கு மற்றவர்களை நீக்க முடியாது.

கேள்வி: “ஹேக் ஆன பக்கத்தை ஒரு மணி நேரத்தில் மீட்டுத் தருகிறேன்” என்று ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். வெளியாள் எவரிடமும் மெட்டாவின் உள் கதவுக்குச் சாவி கிடையாது. பக்கத்தைப் பறிகொடுத்ததாக நீங்கள் எங்காவது எழுதினால், அடுத்த சில நிமிடங்களில் கீழே வந்து நிற்பவர்கள் இவர்கள். முன்பணம் வாங்கியதும் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பார்கள், அதோடு உங்கள் ஓடிபியையும் அடையாள அட்டையையும் கேட்பார்கள். அடையாள அட்டையைக் கொடுத்தால் உங்கள் பெயரிலேயே விண்ணப்பம் போடும் ஆயுதத்தைக் கொடுத்ததாகும்.

“பதிப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் பக்கம் மூடப்படும்” என்று மெசெஞ்சரில் வரும் செய்தியும் இதே கூட்டத்தின் தூண்டில்தான். அனுப்புபவரின் பெயரில் மெட்டா என்றும் சப்போர்ட் என்றும் இருக்கும், ஆனால் அதுவும் யாரோ தொடங்கிய சாதாரணப் பக்கம்தான். உண்மையான மீறல் இருந்தால் உங்கள் பக்கத்தின் ‘பேஜ் ஸ்டேட்டஸ்’ பகுதியிலேயே தெரியும், அங்கே போய்ப் பாருங்கள்.

கேள்வி: பக்கம் திரும்பிவிட்டது. இனி தொலையாமல் இருக்க என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

முழுக் கட்டுப்பாடு இரண்டு பேருக்குக் குறையாமல், மூன்று பேருக்கு மேற்படாமல் இருக்கட்டும். அதில் ஒருவர் உரிமையாளர். மற்றவர்களுக்கு வேலைக்குத் தேவையான அளவு. ஒரே பாஸ்வேர்டை நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் பொதுக் கணக்கு வேண்டவே வேண்டாம். யார் என்ன செய்தார் என்று தெரியாது, ஒருவர் போனால் எல்லோருக்கும் மாற்ற வேண்டியிருக்கும்.

இரட்டைச் சரிபார்ப்பை எஸ்எம்எஸ்ஸில் வைக்காமல், போனிலேயே குறியீட்டை உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப்பில் வையுங்கள். போன் கையில் இல்லாதபோது உதவும் பேக்கப் கோடுகளை அச்சிட்டுப் பூட்டில் வையுங்கள். கூகுள் 10 கோடுகள் தருகிறது, ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். லாகின் தொல்லை தருகிறதே என்று இந்தப் பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்துபவர்கள், அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான எஸ்இசிக்கு நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கில் நுழைவதில் சிக்கல் வந்ததால் 2023 ஜூலையில் அதன் எக்ஸ் (முன்பு ட்விட்டர்) கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு நிறுத்தப்பட்டது. மறுபடி ஆன் செய்யவில்லை. 2024 ஜனவரி 9 அன்று, கணக்கோடு இணைந்திருந்த போன் எண்ணைச் சிம் மாற்று மோசடியில் (ஏமாற்றி எண்ணை வேறொரு சிம்முக்கு மாற்றிக்கொள்வது) கைப்பற்றியவர்கள், பிட்காயினில் முதலீடு செய்யும் நிதிகளுக்கு எஸ்இசி அனுமதி தந்துவிட்டதாகப் பொய்ப் பதிவு போட்டார்கள். பிட்காயின் விலையே ஆடியது.

டொமைன் புதுப்பிப்பைத் தானியங்கியாக வையுங்கள். டொமைன் காலாவதியானால் வேறொருவர் அதை வாங்கி, உங்கள் பழைய அலுவலக மின்னஞ்சலை உருவாக்கி, பாஸ்வேர்டு ரீசெட் அஞ்சலைப் பெற்றுக்கொள்ளலாம். திருட்டாகவே தெரியாத திருட்டு அது. மீட்பு எண்ணாகக் கொடுத்த சிம் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். விளம்பரத்துக்குக் குறைந்த வரம்புள்ள தனிக் கார்டு வையுங்கள்.

ஊழியர் விலகும்போது அடையாள அட்டையைத் திரும்ப வாங்கும் அதே மணி நேரத்தில் பக்க அதிகாரத்தையும் எடுங்கள். 2013 ஜனவரி 31 அன்று பிரிட்டனின் இசை விற்பனை நிறுவனமான எச்எம்வியில் பணிநீக்கம் நடந்துகொண்டிருந்தபோதே, நிறுவனத்தின் சொந்த ட்விட்டர் கணக்கிலிருந்து அது நேரலையாக உலகத்துக்குப் போனது. ட்விட்டரை எப்படி மூடுவது என்று மார்க்கெட்டிங் இயக்குநர் கேட்டதும் அந்தப் பதிவுகளில் ஒன்றாக வந்தது.

கேள்வி: நிறுவனத்தின் பெயரும் தன் பெயரும் சேர்த்து ஊழியர் ஒருவர் எக்ஸ் கணக்கு நடத்துகிறார். அவர் போனால் கணக்கு யாருக்கு?

எழுத்தில் எதுவும் இல்லையென்றால் சண்டைக்கு முடிவே இருக்காது. ஃபோன்டாக் என்ற அமெரிக்க நிறுவனத்தில் இதுவே நடந்தது. அங்கே எழுதிவந்தவர் 2010இல் விலகியபோது, நிறுவனப் பெயரும் தன் பெயரும் சேர்ந்த ட்விட்டர் கணக்கின் பெயரை மாற்றி, சுமார் 17,000 பின்தொடர்பவர்களோடு எடுத்துக்கொண்டு போனார். ஒரு பின்தொடர்பவருக்கு மாதம் 2.50 டாலர் என்று எட்டு மாதத்துக்குக் கணக்குப் போட்டு, 3,40,000 டாலர் கேட்டு நிறுவனம் 2011இல் வழக்குத் தொடுத்தது. 2012இல் சமரசம் ஆனது, கணக்கு அவரிடமே நின்றது. பின்தொடர்பவர் ஒருவருக்கு என்ன விலை என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கவே இல்லை.

கணக்கு நிறுவனத்துக்கு வேண்டுமென்றால் அதை நிறுவனத்தின் மின்னஞ்சலில் தொடங்குங்கள், ஊழியரின் பெயரைச் சேர்க்காதீர்கள். அவருடைய சொந்தப் பெயரில் அவர் வளர்த்த கணக்கைக் கேட்பது நியாயமும் அல்ல. பணி ஒப்பந்தத்தில் இப்படி ஒரு பத்தி இருந்தால் போதும்:

“நிறுவனத்தின் பெயரில் இயங்கும் எல்லாச் சமூக வலைதளக் கணக்குகளும், அவற்றின் பின்தொடர்பவர்களும் செய்திகளும் நிறுவனத்துக்கு உரியவை. பணியாளர் விலகும் நாளன்று அவற்றின் அதிகாரத்தை நிறுவனம் குறிப்பிடும் நபருக்கு மாற்றித் தருவார். இணைப்பில் குறிப்பிடப்பட்டிருக்கும் பணியாளரின் சொந்தக் கணக்குகளுக்கு இது பொருந்தாது.”

அந்த இணைப்பில் ஊழியரின் சொந்தக் கணக்குகளை, எழுத்துக்கு எழுத்து யூசர்நேமோடு, அவர் வேலைக்குச் சேரும் நாளிலேயே எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.